மேஸ்திரி வீட்டுக் குளியலறைக் கதவு

முப்பத்து நான்கு வருடம் ஆஸ்பத்திரியில் உழைத்துத் தலைமை நர்ஸாக ஓய்வு பெற்ற சிஸ்டருக்கு ஒரே ஒரு ஆசைதான் பாக்கி இருந்தது. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஓர் அறை வேண்டும். வேலையில் இருந்தவரை குவார்ட்டர்ஸின் ஒற்றை அறையில் கணவர், மாமியார், மகன் என்று அவரையும் சேர்த்து நாலு பேர். கணவரும் மாமியாரும் போய்ச் சேர்ந்து, ஓய்வும் வந்த பிறகு மகன் வீட்டு ஹால் சோபா. காலை ஐந்து மணிக்கு மகன் தண்ணீர் குடிக்க அந்த வழியாக வருவான். ஐந்தரைக்கு மருமகள் ரிமோட்டைத் தேடி சிஸ்டரின் முதுகுக்கு அடியில் கையை விடுவாள். இருவரும் நல்லவர்கள்தான். ஆனால் ஹால் என்றால் ஹால்தானே.

அதனால் சிஸ்டர் ஒரு காரியம் செய்தார். ஓய்வு பெற்றபோது மொத்தமாக வந்த பணத்தைக் கொட்டி, தெருமுனையில் பாசி பிடித்துக் கிடந்த ஒரு பழைய வீட்டை வாங்கினார். அதைக் கடன் வாங்கிப் புதுப்பித்து விற்க வேண்டும். விற்றால் கடன் போக மிஞ்சும் பணத்தில் தனக்கென்று ஒரு சின்ன ஃபிளாட். விற்காவிட்டால் ஆயுசுக்கும் சோபா.

"அம்மா, உனக்கு ஊசி போடத் தெரியும். செங்கல்லைப் பத்தி என்ன தெரியும்?" என்றான் மகன்.

"உன்னைப் பெத்தப்போ பிள்ளை வளர்க்கவும்தான் தெரியாது. வளர்க்கலையா?"



கான்ட்ராக்டர் தேடும் படலம் தொடங்கியது. முதலில் வந்தவர் வீட்டைப் பார்க்கவே இல்லை. கையில் கொண்டுவந்த டேப்லெட்டில் யார் யாரோ வீட்டுப் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். எல்லா வீட்டிலும் ஒரே பூந்தொட்டி. இரண்டாமவர் சுவரைத் தட்டினார், தரையைத் தட்டினார், "எந்த மடையன் இதைக் கட்டினான்?" என்று அரை மணி நேரம் திட்டினார். தான் எப்படிக் கட்டுவேன் என்று மட்டும் சொல்லவில்லை. மூன்றாவதாக வந்த மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு, "பண்ணிடலாம் சிஸ்டர்" என்றார்.

மூவரிடமும் சிஸ்டர் ஒரே கேள்விதான் கேட்டார்: "உங்க வீட்டை நான் பார்க்கலாமா?"

புதிதாக வரும் டாக்டர் எப்படிப்பட்டவர் என்பதை, அவர் தன் கையை எப்படிக் கழுவுகிறார் என்பதிலேயே கண்டுபிடித்துவிடும் ஆள் அவர். டேப்லெட்காரர், வாடகை வீடு என்று நழுவினார். தட்டிப் பார்த்தவருக்கு அந்த நேரம் பார்த்து அவசர போன் வந்தது. மேஸ்திரி மட்டும், "அதுக்கென்ன, ஏறுங்க" என்று ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

அந்த வீட்டைப் பார்த்திருந்தால் வேறு யாராக இருந்தாலும் தலைதெறிக்க ஓடியிருப்பார்கள். முன்னறையில் ஒரு சுவர் பச்சை, ஒரு சுவர் மஞ்சள், மூன்றாவது சுவர் வெறும் சிமெண்ட். சுவிட்ச் பெட்டி வயரில் ஊசலாடியது. குளியலறைக்குக் கதவே இல்லை. கதவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பல்பசை விளம்பர பேனர் தொங்கியது. அதில் ஒரு பெண் முப்பத்திரண்டு பல்லையும் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கதவு எங்கேன்னு பாக்கறீங்களாக்கா?" என்றாள் மேஸ்திரியின் மனைவி. "அடுத்த வாரம் வந்துடும். பதினோரு வருஷமா அடுத்த வாரம்தான் வருது."

"வேலை ஜாஸ்தி" என்று முனகினார் மேஸ்திரி.

"ஊர்ல இருக்கற அத்தனை பேருக்கும் கதவு போடுவார். நான் மட்டும் எல்லாரும் எழுந்திருக்கறதுக்கு முன்னாடி, இருட்டுலயே எழுந்து, பேனரோட ஓரத்தை ஒரு கால்ல மிதிச்சுக்கிட்டு அவசர அவசரமா குளிக்கணும். காத்தடிச்சா அவ்வளவுதான், பல்லுக்காரி பறந்து போயிடுவா."

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. உடனே தன் சோபா ஞாபகமும் வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது. அங்கேயே முடிவு செய்தார். மற்ற இருவரும் வீட்டை மறைத்தார்கள். இந்த மனுஷருக்கு மறைக்கத் தெரியவில்லை. அதோடு, அவர் எந்த நாளில் எங்கே எத்தனை மூட்டை சிமெண்ட் இறக்கினார் என்பதெல்லாம் மனைவியின் விரல் நுனியில் இருப்பதும் பேச்சுக்கொடுத்ததில் தெரிந்தது.

"மேஸ்திரி, வேலை உங்களுக்குத்தான். ஒரே ஒரு கண்டிஷன். என் வீட்டு நடு அறையில ஒரு தேக்குக் கதவு இருக்கு. பழைய கதவை யாரும் விரும்ப மாட்டாங்க, புதுசா மாத்திடுங்கன்னு வீட்டை வித்துக் குடுக்கப் போற புரோக்கர் சொல்றார். அதைக் கழட்டிட்டு வந்து முதல்ல இங்க மாட்டுங்க. அது மாட்டற வரைக்கும் என் வீட்டுல ஒரு செங்கல்லைத் தொடக் கூடாது."

பதினோரு வருடம் வராத கதவு மூன்றே நாளில் வந்தது. பித்தளைத் தாழ்ப்பாள் போட்ட, இரண்டு ஆள் தூக்கும் கதவு. அந்தத் தம்மாத்துண்டு குளியலறைக்கு அது ரொம்பவே அதிகம்தான். மேஸ்திரியின் மனைவி அதைத் துடைத்துத் துடைத்தே பளபளப்பாக்கிவிட்டாள்.

அன்றிலிருந்து அவள் சிஸ்டரின் ஆள். தினமும் காலை ஏழு மணிக்கு போன் வரும்: "அக்கா, வண்டி கிளம்பிடுச்சு." சில நாள், "அக்கா, முனையில வலது பக்கம் திரும்புறார். உங்க வீடு இடது பக்கமாச்சே, பிடிங்க!" சிஸ்டரும் சும்மா இருக்கவில்லை. நோயாளியின் கட்டிலில் தொங்கவிடுவது போல ஓர் அட்டையைச் சுவரில் மாட்டினார். மேஸ்திரி வந்த நேரம், போன நேரம், வராததற்குச் சொன்ன காரணம். காரணத்துக்கு விட்ட இடம்தான் போதவில்லை. ஒரே மாதத்தில் மேஸ்திரியின் சித்தப்பா இரண்டு முறை செத்துப்போனார்.

"அவருக்குச் சித்தப்பாவே கிடையாதுக்கா" என்றாள் மனைவி.

அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் சாவு எதுவும் நிகழவில்லை. மழைக்காலத்துக்கு முன்பே மொட்டைமாடி ஒழுகாமல் பூசப்பட்டது, குழாய்கள் மாறின, சுவர்கள் எல்லாமே ஒரே நிறத்துக்கு வந்தன. வேலையில் இறங்கிவிட்டால் மேஸ்திரி சுத்தமாகச் செய்வார். இறக்குவதுதான் பாடு.

புரோக்கர் முதல் ஆட்களைக் கூட்டிவந்தார். கணவனும் மனைவியும் வங்கி அதிகாரிகள். எல்லாம் பிடித்திருந்தது. நடு அறை வாசலில் அந்த அம்மாள் நின்றுவிட்டார்.

"போட்டோவுல ஒரு தேக்குக் கதவு இருந்துச்சே? அதைப் பார்த்துத்தான் வந்தோம். அது இருந்தா இன்னைக்கே அட்வான்ஸ்."

புரோக்கர் புதுப்பிப்பதற்கு முன் எடுத்த படத்தைப் போட்டிருக்கிறார். பழைய கதவை யாரும் விரும்ப மாட்டார்கள் என்று சொன்ன அதே புண்ணியவான்.

"அவ்வளவுதானே சிஸ்டர்?" என்றார் மேஸ்திரி. "பத்து நிமிஷத்துல கழட்டிக் கொண்டுவந்துடறேன். வீட்டுல கொஞ்சம் கத்துவா, அது பழக்கம்தான்."

மாட்டப் பதினோரு வருடம், கழட்டப் பத்து நிமிடமா? தலையணைக்கு அடியில் மாத்திரையை ஒளித்த நோயாளியைப் பார்ப்பது போல சிஸ்டர் அவரைப் பார்த்தார். "நானே போய்க் கேக்கறேன்" என்று கிளம்பினார்.

காலை பத்தரை மணி. மேஸ்திரி வீட்டு வாசல் திறந்து கிடந்தது. உள்ளே தேக்குக் கதவு சாத்தியிருந்தது. அதற்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தம், கூடவே பாட்டு. ராகம் எங்கெங்கோ போனது. நடுவில் வரி மறந்துவிட, கொஞ்சமும் கவலைப்படாமல் முதலிலிருந்து ஆரம்பித்தது. பட்டப்பகலில், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, எந்த அவசரமும் இல்லாமல் ஒரு பெண் குளிக்கும் சத்தம் அது.

சிஸ்டர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். பொறாமையாக இருந்தது. அப்பட்டமான பொறாமை. இந்தக் கதவு திரும்பி வந்தால் தனக்கு இன்றே ஒரு கதவு கிடைக்கும். வராவிட்டால் சோபா. ஆனால் வாய் வரவில்லை. எத்தனையோ பேருக்குக் கசப்பு மருந்தைக் கண்ணிமைக்காமல் புகட்டிய மனுஷிக்கு இதைக் கேட்க வாய் வரவில்லை.

தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தவள், "என்னக்கா, திடீர்னு?" என்றாள்.

"சும்மாதான். டீ குடிக்கலாம்னு வந்தேன்."

டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்து, "அந்தக் கதவு விக்கறதுக்கு இல்லை" என்றார். வங்கி அம்மாள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். புரோக்கர் தலையில் கை வைத்துக்கொண்டார். மகன், "நான் அப்பவே சொன்னேன்" என்றான். அன்று இரவு சோபாவின் ஸ்பிரிங் முதுகில் குத்தியது. சிஸ்டர் தலையணையை எடுத்து ஸ்பிரிங்குக்கு மேல் வைத்துப் படுத்தார்.

நாற்பது நாள் யாரும் வரவில்லை. மழை வந்தது. கொட்டுகிற மழையில் ஒருநாள், டிரைவிங் ஸ்கூல் நடத்தும் பெண் ஒருத்தி குடையை உதறிக்கொண்டு வந்தாள். கதவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒவ்வோர் அறையின் நடுவிலும் நின்று, கழுத்து வலிக்கும்வரை மேலே பார்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை.

"வாங்கிக்கறேன்" என்றாள். "இந்த வேலை செஞ்சவர் நம்பர் குடுங்க. எங்க அம்மா வீடும் ஒழுகுது."

"அவர் நம்பர் எதுக்கு? எடுக்கவே மாட்டார். அவர் சம்சாரம் நம்பரை எழுதிக்கோங்க."

இரண்டு மாதத்தில் சிஸ்டருக்குச் சின்ன ஃபிளாட் அமைந்தது. அறைக் கதவுக்குப் பித்தளைத் தாழ்ப்பாள் பொருத்த மேஸ்திரி சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் வந்தார். ஸ்கூட்டரின் பின்சீட்டில் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

அவர்கள் போன பிறகு, பெட்டி தூக்க வந்த மகன் ஹாலில் இருக்க, சிஸ்டர் அறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டார். கட்டிலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

"அம்மா, உள்ள என்ன பண்ற?"

"ஒண்ணும் பண்ணலை."

"ஒண்ணும் பண்ணாம எதுக்குக் கதவைச் சாத்திக்கிட்ட?"

"அதுக்குத்தான்" என்றார் சிஸ்டர்.