சிமெண்ட் தரையில் மண்பன்றி

விலங்குக் காட்சிசாலையில் அவருக்கு வைத்த பட்டப்பெயர் குழிமூடி. ஆர்ட்வார்க் என்ற ஆப்பிரிக்க விலங்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அது இராத்திரி முழுக்கத் தோண்டும். இவர் காலையில் வந்து மண்வெட்டியால் மூடுவார். விட்டால் வேலிக்கு அடியிலேயே போய் அடுத்த தெருவில் தலைகாட்டிவிடும். கல்யாணமான புதிதில் சேர்ந்த வேலை. மகள் கல்லூரிக்கே போய்விட்டாள், குழிக்குத்தான் முடிவில்லை.

“உனக்கு வேற பொழப்பே இல்லையாடி?” என்று திட்டிக்கொண்டேதான் மூடுவார். வளைக்குள் படுத்திருப்பது காதை மட்டும் ஆட்டும். திட்டாத நாளில் அவருக்குச் சோறு இறங்காது.

பகலெல்லாம் அது தூங்கும். வந்தவர்கள் வெறும் மண்ணைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். “பேரையாவது கேட்டுட்டுப் போங்க” என்று பிடித்து நிறுத்துவார். “ஆர்ட்வார்க். தெற்கு ஆப்பிரிக்காவுல குடியேறின டச்சுக்காரங்க வெச்சது. மண்பன்னின்னு அர்த்தம். பன்னி இனமே இல்லை. தோண்டுறதப் பாத்தாங்க, மூஞ்சியப் பாத்தாங்க, வெச்சுட்டாங்க.”

புதிதாக வந்த மேற்பார்வையாளர் அம்மாள் நல்லவர். அதுதான் வினையாகப் போயிற்று. ஒவ்வொரு ஊழியரையும் உட்கார வைத்து, “உங்களுக்கு என்ன கஷ்டம்?” என்று கேட்டார். இவரிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. உச்சி குளிர்ந்துபோய், “குழி மூடி மூடி இடுப்பே போச்சும்மா” என்று உளறிவிட்டார்.

அடுத்த மாதமே மண்ணை வாரிவிட்டுச் சிமெண்ட் தரை போட்டார்கள். “பகல்லயும் ஜனங்க அதப் பாக்கலாம், உங்க இடுப்பும் பொழைச்சுக்கும்” என்றார் அம்மாள்.

“அது தோண்டாம இருக்காதேம்மா…” என்று இவர் மென்று விழுங்கினார்.

“பழகிடும்.”

பழகவில்லை. தூங்க வளையில்லாமல் அது பகலிலும் எழுந்து நடந்தது, தரையைப் பிறாண்டியது. நகங்கள் தேய்ந்து விரல்களில் இரத்தம் கசிந்தது. மருத்துவர் மருந்து போட்டுவிட்டு, “மண்ணு இருந்தாதான் ஆறும். நானும் மேல சொல்லிப் பாத்தேன், தரை புதுசாச்சேன்னு யோசிக்கறாங்க” என்று கையை விரித்தார். ஒருநாள் இவரே ஒரு மூட்டை மண்ணைக் கொண்டுவந்து மூலையில் கொட்டினார். துப்புரவுக்காரர் கடமை தவறாமல் கழுவிவிட்டார்.

கடைசியில் அலுவலகத்துக்கே போனார். “இடுப்பு சரியாப் போச்சும்மா. பழையபடி மண்ணே போட்டுடலாம். நான் மூடிக்கிறேன்.”

அம்மாள் சிரித்தார். “அதுக்காக ஏன் பொய் சொல்றீங்க? எழுந்து நிக்கறதுக்கே மேசையப் பிடிக்கறீங்க.”

திட்டினால் சண்டை போடலாம். தன்மேல் இரக்கப்படுகிறவரிடம் என்ன செய்வது? கும்பிட்டுவிட்டு வந்தார். தன் வாய்தான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று வீட்டில் மனைவியிடம் சொல்லி அழுதார்.

மறுநாள் மழை. கூண்டுக்கு வெளியே நல்ல கூட்டம். “இதோட பேரு என்னங்க?” என்று ஒரு பெண் கேட்டாள். கூண்டுக்குள் நின்றிருந்த அவர் சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் அது நொண்டி நொண்டி அவரிடம் வந்தது. வழியெல்லாம் சேறாக இருந்ததால் அவருடைய பூட்ஸில் மண் அப்பியிருந்தது. அதை மோந்து பார்த்தது. பிறகு தேய்ந்த நகங்களால் பூட்ஸைத் தோண்டத் தொடங்கியது.

கூட்டம் கைதட்டியது. அவர் காலை நகர்த்தாமல் நின்றார், ஒட்டியிருந்த மண் தீரும்வரை.