யாகூப் பாய் பார்க்காத ஆட்டங்கள்

யாகூப் பாயால் ஓர் இடத்தில் நிற்க முடியாது. விருதுநகரில் வத்தல் மண்டி வைத்திருக்கிறார். தராசில் மூட்டை ஏறுவதற்குள் வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வருவார். எதற்கு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அப்படிப்பட்டவரைப் பிடித்துத்தான் எங்கள் ஊர்க் கால்பந்துக் கழகத்தின் வெளியூர்ப் பயணங்களுக்குப் பொறுப்பாளராகப் போட்டார்கள். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட ஆள்தான் அந்த வேலைக்குத் தோது என்று நினைத்துவிட்டார்கள் போல.

நான் பாண்டிராஜ், வேன் டிரைவர். அன்றாடம் அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனிக்கு ஆட்களை ஏற்றி இறக்குவேன். வெளியூரில் ஆட்டம் என்றால் அதே வேனில் ரசிகர்களை ஏற்றுவேன். கால்பந்து எனக்குப் பிடிக்காது. வேனை நிழலில் போட்டுவிட்டு ஒரு தூக்கம் போடுவதுதான் எனக்குத் தெரிந்த விளையாட்டு. யாகூப் பாய் அதையும் கெடுப்பார்.

சில வருடங்களுக்கு முன்னால் வெளியூரில் ஒரு கோல் விழுந்ததும் எங்கள் ஆட்கள் காலரியிலேயே சரவெடியைக் கொளுத்திப் போட்டார்கள். எங்கள் பக்கத்து ஆளுக்குச் சந்தோஷம் வந்தால் கை தீப்பெட்டியைத்தான் தேடும். கூட்டம் சிதறி ஓடியதில் ஒருத்தருக்குக் கால் முறிந்தது. கொஞ்ச காலம் எங்களை எந்த ஊரிலும் சேர்க்கவில்லை. பிறகு போலீஸ் நிபந்தனை போட்டுச் சேர்த்தது. எல்லா வண்டியும் பைபாஸில் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்க வேண்டும். முன்னால் ஒரு ஜீப், பின்னால் ஒரு ஜீப். தனி கேட், தனி காலரி. கொட்டு கூடாது, கொடிக்குக் கம்பு கூடாது. ஆட்டம் முடிந்தாலும் உள்ளூர்க் கூட்டம் கலையும்வரை நம் ஆட்கள் எழுந்திருக்கக் கூடாது. இத்தனைக்கும் கையெழுத்துப் போடுகிற பொறுப்பாளர், வெளியே வண்டிகளோடு போலீஸின் கண்ணில் படும்படி நிற்க வேண்டும்.

கையெழுத்துப் போட்டது யாகூப் பாய். அதனால் எந்த ஆட்டத்தையும் அவர் பார்த்தது கிடையாது. உள்ளே சத்தம் கேட்டால் சுவரைப் பார்த்து ஓடுவார், போலீஸ் கூப்பிட்டால் திரும்பி ஓடி வருவார். சரி, உள்ளூர் ஆட்டத்தையாவது பார்க்கலாமே என்றால், வருகிற வெளியூர்க்காரர்களுக்கு வண்டி நிறுத்த இடம் காட்டுவதும் காவலுக்கு நிற்கிறவர்களுக்கு டீ சொல்வதும் அவர்தான். இதில் பெரிய கொடுமை என்னவென்றால், அந்த அணியின் எட்டாம் நம்பர் அவர் மகன் தவுபிக். ஊரே அந்தப் பையனின் இடது காலைப் பற்றிப் பேசுகிறது. பெற்றவர் அவன் ஆடி ஒருநாளும் பார்த்ததில்லை.

போன மாசம் கடற்கரைப் பக்கத்து ஊர் ஒன்றில் இறுதி ஆட்டம் வந்தது. அடுத்த வாரம் தவுபிக்குக்கு மஸ்கட்டுக்கு விமானம். அங்கே ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலை, ஒப்பந்தம் முடிகிறவரை திரும்ப முடியாது. இந்த ஆட்டத்தை விட்டால் வேறு ஆட்டம் இல்லை. யாகூப் பாய் அந்த ஊர் எஸ்.ஐ. சுகிர்தாவுக்குப் போன் மேல் போன் போட்டார். அந்தம்மா ரொம்ப யோசித்து, கடைசியில் அவருக்குப் பதிலாக என்னை மாட்டிவிட்டார். அதாவது, வெளியே டிரைவர் நிற்கட்டும், பாய் உள்ளே போகலாம் என்றார்.

அன்றைக்கு என் வேனில் அச்சங்குளத்து ஆட்கள். பைபாஸுக்கு மூன்று மணிக்கெல்லாம் வரச் சொல்லியிருந்ததால் கம்பெனி வாசலிலிருந்தே நேராக ஏறினார்கள். யாகூப் பாய் படியில் நின்றுகொண்டு ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார். மடி, இடுப்பு, சாப்பாட்டு வாளி, ஒன்றையும் விடவில்லை.

"பாய், கூசுது பாய்," என்று நெளிந்தான் சோலைமலை. திரி வெட்டுகிறவன். எங்கள் கூட்டத்திலேயே பெரிய தொண்டை அவனுக்குத்தான்.

"கூசட்டும்லே. ஒத்த வெடி இருந்துச்சு, நான் கம்பி எண்ணணும். எம் மகன் ஆடுறத இன்னிக்காவது பாக்க விடுங்கடா."

வழியெல்லாம் மனுஷன் உட்காரவில்லை. என் சீட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "பாண்டி, மிதிடா," என்பார். முன்னால் போலீஸ் ஜீப் போகிறது, நான் எதை மிதிப்பது? தலையை வெளியே நீட்டிப் பின்னால் வருகிற வண்டிகளைப் பார்ப்பார். திரும்பவும், "மிதிடா."

மைதானத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வண்டிகளை நிறுத்தினார்கள். எங்களுக்கான கேட்டில் வரிசை நின்றது. டவுன் ஆட்கள் உள்ளே போய்விட்டார்கள். அடுத்து என் வேன்காரர்கள். கேட்டில் ஒரு மோப்ப நாய் இருந்தது. அது சோலைமலையை முகர்ந்து பார்த்துவிட்டு, பொத்தென்று உட்கார்ந்தது.

நாய் உட்கார்ந்தால் வெடிமருந்து இருக்கிறது என்று அர்த்தமாம். சோலைமலையை ஓரங்கட்டிச் சோதித்தார்கள், ஒன்றும் இல்லை. அடுத்த ஆள் வந்தான், நாய் உட்கார்ந்தது. அதற்கடுத்தவனுக்கும் உட்கார்ந்தது. பாவம், எழுந்து எழுந்து உட்கார்ந்தே அது களைத்துவிட்டது.

எஸ்.ஐ. சுகிர்தா வந்து பார்த்தார். "கம்பெனியில இருந்து நேரா வாரீகளா?"

"ஆமா மேடம். மூணு மணிக்கு பைபாஸுல நிக்கணும்னுட்டீக. குளிக்க நேரம் ஏது?" என்றான் சோலைமலை.

"மேல பூரா மருந்து. நான் என்ன பண்ண முடியும்? நாய் உக்காந்தா உள்ள விடக்கூடாது. குளிச்சு, துணி மாத்திட்டு வாங்க. நாய் விட்டா நானும் விடுறேன்."

யாகூப் பாய் தலையில் அடித்துக்கொண்டார். அவர் பேசாமல் உள்ளே போயிருக்கலாம். "நீங்க போங்க, நான் பாத்துக்கிடுறேன்," என்று நானும் சொன்னேன். மனசு கேட்கவில்லை அவருக்கு. "கூட்டிட்டு வந்தவன் நான்ல? இவனுகள வெளிய நிறுத்திட்டு நான் மட்டும் போய் உக்காரவா?" என்று கடைத்தெருவுக்கு ஓடினார். சோப்பும் லுங்கியும் பனியனுமாக அள்ளிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடத்துக் குழாயடியில் அத்தனை பேரும் குளித்தார்கள். "தலையத் தேய்லே! நகத்துக்குள்ள தேய்லே!" என்று ஓரத்தில் நின்று கத்தினார். அவிழ்த்துப் போட்ட சட்டைகளை வாரி எடுத்து என் வேனில் எறிந்தார். அதற்குள் மைதானத்தில் விளக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கூச்சல் எழும்பும்போதெல்லாம் அவர் பாதங்கள் தரையில் நிற்கவில்லை.

பிற்பாதியில்தான் கேட்டுக்கு வந்தார்கள். புது லுங்கி கட்டிய சோலைமலையை நாய் முகர்ந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒவ்வொருத்தராக உள்ளே ஓடினார்கள். கடைசியாக யாகூப் பாய் போனார்.

நாய் உட்கார்ந்தது.

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது, அவருக்கு விளங்கவில்லை. "நான் மண்டிக்காரன் மேடம், வத்தல் வியாபாரி," என்று எஸ்.ஐ.யிடம் கெஞ்சினார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். அத்தனை பேரையும் தடவிப் பார்த்த கை. அத்தனை பேர் அழுக்குத் துணியையும் அணைத்துத் தூக்கிய சட்டை. குழாயடிக்கு ஓடினார்.

அவர் மீந்த லுங்கியைச் சுற்றிக்கொண்டு, தாடியில் தண்ணீர் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தபோது கேட்டைப் பூட்டியிருந்தார்கள். கடைசிப் பத்து நிமிஷம் எந்தக் கேட்டையும் திறக்கக் கூடாது என்பதும் நிபந்தனையில் ஒன்றாம்.

"நீங்களே கையெழுத்துப் போட்டதுதான பாய்," என்றார் சுகிர்தா. குரலில் அதட்டல் இல்லை. அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

யாகூப் பாய் கேட்டின் தகரத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றார். எஸ்.ஐ.யின் வயர்லெஸ்ஸில் உள்ளிருந்து யாரோ பேசினார்கள். ஆட்டம் சமன், விருதுநகருக்குப் பெனால்டி, அடிக்கப் போவது எட்டாம் நம்பர், கூட்டத்தைக் கவனியுங்கள் என்றார்கள். பாய் என் கையைப் பிடித்தார். பிடித்த பிடியில் எனக்கு விரல் நொறுங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், கால்பந்தை எண்ணி நான் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

அமைதியாக இருந்தது. பிறகு சத்தம் வெடித்தது. தூரத்துக் காலரியில், உள்ளூர்க்காரர்கள் பக்கத்தில். எங்கள் பக்கம் மூச்சில்லை. யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அதே பக்கத்திலிருந்து இன்னொரு சத்தம் வந்தது. அது கோல். அதோடு முடிந்தது.

உள்ளூர்க் கூட்டம் கலைந்த பிறகு எங்கள் ஆட்களையும் அணியையும் காவலோடு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். சோலைமலைக்குத் தொண்டை கட்டியிருந்தது. தவுபிக் பந்துப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசியாக வந்தான். கண் சிவந்திருந்தது. அத்தாவின் ஈர லுங்கியைப் பார்த்தான்.

"பாத்தீகளாத்தா?"

"இல்லடா. உள்ள விடல."

"நல்ல வேளைத்தா. நீங்க பாத்திருந்தா நான் செத்தே போயிருப்பேன்."

யாகூப் பாய்க்கு வந்ததே கோபம். "என்னலே நல்ல வேளை? நீ செயிச்சதத்தான் நான் பாக்கணுமாக்கும்? நீ விட்டதயாவது நான் பாத்திருக்கணும்லே! எனக்கு எதுவுமே இல்லையேடா!" சொல்லும்போதே அழுதுவிட்டார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

பின்னால் ஜீப் ஹாரன் அடித்தது. "பாய், வண்டிய எடுக்கச் சொல்லுங்க, நேரமாச்சு," என்றார் சுகிர்தா.

எப்போதும் அந்த வார்த்தைக்கு முதல் ஆளாக ஓடுகிற மனிதர் இவர். "எடுக்க மாட்டோம் மேடம்," என்றார். மகன் தோளிலிருந்த பையைப் பிடுங்கி ஒரு பந்தை எடுத்துத் தரையில் வைத்தார். என் வேனுக்கும் அடுத்த வேனுக்கும் நடுவிலிருந்த இடைவெளியைக் காட்டினார். "அங்கன எப்படி அடிச்சியோ, அப்படியே அடி. நான் பாக்கணும்."

தவுபிக் எஸ்.ஐ.யைப் பார்த்தான். அவர் ஜீப்பைப் பார்த்துக் கையைக் காட்டினார். ஹாரன் நின்றது. வண்டிகளில் ஏறியிருந்தவர்கள் எல்லாம் இறங்கி நின்றார்கள். பையன் நாலு எட்டு பின்னால் போனான், ஓடி வந்தான், இடது காலால் அடித்தான்.

பந்து என் வேன் கூரைக்கு மேலே போய்ச் சுவரைத் தாண்டி விழுந்தது. அது விழுகிறவரைக்கும் யாகூப் பாய் அசையாமல் நின்று பார்த்தார்.

"போதும் மேடம்," என்றார். "கிளம்பலாம்."