எடைச்சீட்டின் பின்பக்கம்

வைகுண்டராஜின் வாழைக்காய் ஏற்றுமதிக் கம்பெனி மூழ்கிப் பத்து நாளாகிறது. பழனிசெட்டிபட்டி வீட்டில் கேட் சத்தம் கேட்டாலே அவருக்குக் கடன்காரரோ என்று பயம். பால்காரர் வந்தால்கூட ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்த பிறகுதான் மூச்சு விடுகிறார்.

அவர் மனைவி ஜெபராணிக்கு அந்தப் பயம் இல்லை. ஆடிட்டர் அவள் எதிரிலேயே சொல்லியிருந்தார்: "இது பிரைவேட் லிமிடெட்மா. கம்பெனி கடன் கம்பெனியோட போச்சு. சார் தனியா ஜாமீன் எழுதிக் கொடுத்திருந்தாத்தான் வீட்டுக்கு வருவாக." பேங்கில் அப்படி எதிலும் கையெழுத்துப் போடவில்லை என்றார் வைகுண்டராஜ். நிஜம்தான். பேங்கில் போடவில்லை.

போட்ட இடம் வேறு. மார்க்கையன்கோட்டைத் தோட்டங்களில் கம்பெனி பெயரைச் சொன்னால் யாரும் தார் வெட்ட விடமாட்டார்கள். "கம்பெனிய எங்கன போய்த் தேடுறது அண்ணாச்சி? எங்களுக்கு உங்களத்தான் தெரியும்" என்பார்கள். மூன்று தலைமுறையாக வாய்ச்சொல்லில் காய் எடுத்த குடும்பம் அவருடையது. அண்ணாச்சிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். காய்க்குக் கொடுக்கும் எடைச்சீட்டைத் திருப்பி, 'கம்பெனி தராவிட்டால் நான் தருவேன்' என்று எழுதி, பெரிதாகக் கையெழுத்தும் போட்டுக் கொடுப்பார். செலவழித்துக் கம்பெனி பதிந்ததன் பலனையெல்லாம் இரவல் பேனாவால் அழித்த புண்ணியவான்!

கன்டெய்னர் துறைமுகத்தில் சிக்கிக் காயெல்லாம் அழுகிய அன்றே அவருக்கு அந்தச் சீட்டுகள்தான் ஞாபகம் வந்தன. ஜெபராணியிடம் சொல்ல வாயெடுப்பார். அவள் நகையை விற்றுக் கட்டிய மாடி கண்ணில் படும். வேறு எதையாவது பேசிவிடுவார்.

பதினோராம் நாள் காலையில் ராக்கப்பன் வந்தார். இரண்டு ஏக்கரில் வெட்டிய காய் முழுவதையும் கம்பெனிக்குக் கடனாகக் கொடுத்தவர். வைகுண்டராஜ் உள்ளறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"கம்பெனிக் கடன் இந்த வீட்டுக்கு வராதுண்ணே. ஆடிட்டரே சொல்லிட்டாக" என்றாள் ஜெபராணி.

"எனக்கு வாசிக்கத் தெரியாது ஆத்தா. அண்ணாச்சி எழுதிக் குடுத்தாக. நீயே படிச்சுப் பாரு."

அவள் சீட்டை வாங்கிப் படித்தாள். மறுபடியும் படித்தாள். முகம் வெளுத்துப் போவதைக் கதவிடுக்கு வழியாக வைகுண்டராஜ் பார்த்தார்.

"இது அவுக எழுத்து இல்லைண்ணே" என்றாள்.

ராக்கப்பன் கோபப்படவில்லை. "என் கண்ணு முன்னாடிதான் எழுதினாக. சரி, அண்ணாச்சிய வரச் சொல்லு. அவுக வாயால இல்லைன்னு சொல்லட்டும், போயிடுறேன்."

ஒரே ஒரு 'இல்லை'. இந்த ஆள் போய்விடுவார். வைகுண்டராஜுக்கு அது நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொல்லிவிடுவோமோ என்று வந்த பயம், பத்து நாளாகப் பட்ட பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. வெளியே வந்தார்.

"நான்தான் எழுதினேன், ராக்கப்பண்ணே."

ஜெபராணி அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. சீட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இது ஒண்ணு மட்டுந்தானா?"

"நாப்பத்தியொண்ணு" என்றார்.