வெலிச்கோ ஒட்டிய சொல்

வெலிச்கோவுக்குப் படிப்பும் ஏறவில்லை, அப்பா விட்டுப்போன அச்சகமும் சரியாக ஓடவில்லை. தற்பெருமைக்கு மட்டும் குறைச்சலே கிடையாது. நாற்பது வயதில் உட்கார்ந்து யோசித்து ஒரு சொல்லை உண்டாக்கினார்: தோப்ரோமல்க். வாயைத் திறக்காமல் நல்லது செய்கிறவர் என்று பொருளாம். இவர் வாயை மூடியதும் இல்லை, யாருக்கும் நல்லது செய்ததும் இல்லை. ஆனாலும் "வெலிச்கோ, தோப்ரோமல்க்" என்று ஐந்நூறு கார்டு அடித்து ஊரெல்லாம் நீட்டினார். வாங்கியவர்கள் பல் குத்தினார்கள்.

அந்தச் சொல் அகராதியில் ஏறிவிட வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு வாழ்க்கை. தலைநகர் சோபியாவிலிருந்து அகராதிக்காரர்கள் பதில் போட்டார்கள்: மக்கள் புழங்குகிறார்கள் என்பதற்கு அச்சில் ஐம்பது சான்றாவது வேண்டும்.

அச்சகத்துக்கு வந்ததோ சாவு நோட்டீஸ் மட்டும்தான். எங்கள் ஊரில் செத்தவர் படம் போட்ட நோட்டீஸை வீட்டுக் கதவிலும் விளக்குக் கம்பத்திலும் ஒட்டுவோம். நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், வருஷம் என்று திரும்பத் திரும்ப ஒட்டுவோம். வெலிச்கோ அத்தனையிலும் தன் சொல்லைச் செருகினார். பக்கத்து நிலத்து எல்லைக்கல்லை நகர்த்தியே பணக்காரியான கிழவி ஒரு தோப்ரோமல்க். பெண்டாட்டியை அடித்தே தேய்த்த கசாப்புக்காரன் இன்னொரு தோப்ரோமல்க்.

கசாப்புக்காரனின் விதவை ஸ்தோயாங்கா நோட்டீஸும் கையுமாக வந்து நின்றாள்.

"இது என்ன எழவு, வெலிச்கோ? நான் எழுதிக் குடுத்ததுல இது இல்லையே."

"மரியாதைக்குப் போடறது அக்கா. செத்தவங்க எல்லாருக்கும் போடுவாங்க."

"அந்த ஆளுக்கு மரியாதை ஒண்ணுதான் கொறைச்சல். சரி, ஒட்டித் தொலை."

இப்படியே ஏழு வருஷம். அறுபத்திரண்டு நோட்டீஸை மூட்டை கட்டி அனுப்பிவிட்டு, தபால்காரன் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். புது அகராதி வந்தபோது மனைவி ராத்கா மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தாள். வெலிச்கோ பக்கத்தைப் புரட்டி விரலை வரிவரியாக ஓட்டினார். சொல் இருந்தது.

"சத்தமா படியேன்," என்றாள் ராத்கா.

"தோப்ரோமல்க்: காலமானவர், பிணம். மரண அறிவிப்புகளில் மட்டும் வழங்குவது."

அவருக்கு அழுகைதான். ராத்கா மிளகாயைத் திருப்பிப் போட்டாள்.

"'வெலிச்கோ, தோப்ரோமல்க்'னு ஐந்நூறு பேருக்குக் கார்டு குடுத்தே. ஒருத்தனாவது துக்கம் விசாரிக்க வந்தானா பாரு."