முன் ஜன்னல் டிரைவரம்மா

"நீங்க ஓட்டுன பஸ்ஸுலயே இத்தன வருஷம் உயிரோட வந்து போயிட்டேன். ஓட்ட ஆளே இல்லாத வண்டி என்னை என்ன பண்ணிடப் போகுது?"

இதைச் சொன்னவள் மடிப்பக்கா. கேட்டுக்கொண்டு நின்றவர் அவள் புருஷன், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வேலையை விட்டு வந்தும் மாடிக் குடியிருப்பு முழுக்க அவரை டிரைவர் என்றுதான் கூப்பிட்டது. சொன்ன பிறகு அவளுக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அதற்குள் அவர் டீ டம்ளரைச் சத்தம் வராமல் கீழே வைத்துவிட்டார். சத்தமாக வைத்திருந்தால் சண்டை ஓய்ந்திருக்கும்.

"அந்த வண்டியில ஏறுனேன்னா எங்கிட்ட பேசாத," என்றார்.

"நான் பேசாம இருப்பேனா? நீங்க வேணா பேசாம இருந்து பாருங்க."

அவர் இருந்தே காட்டினார். மனுஷன் பிடிவாதத்தில் இரும்பு.

மடிப்பக்காவை அழகி என்று சொன்னால் அவளே சிரிப்பாள். தகரத்தில் ஆணியை இழுத்தது போல ஒரு குரல். அவள் வாயில் யாரைப் பற்றியும் நல்ல வார்த்தை லேசில் வராது. ஆனால் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவளைப் போல் துணி மடிக்க இன்னொருத்தி பிறக்கவில்லை. ஆபரேஷனுக்குப் போகும் பச்சைத் துணியை இஸ்திரி உருளையிலிருந்து சுடச்சுட எடுத்து, நான்கு தட்டுத் தட்டி மடித்து அடுக்குவாள். உள்ளே டாக்டர் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் போதும், துணி தானாக விரிய வேண்டும். அந்தப் பகுதிக்கு அவளைத் தலைவியாக்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நீலக் கோட்டும், சட்டைப்பையில் குத்த ஒரு பெயர்ப் பட்டையும் கொடுத்திருந்தார்கள். அந்தக் கோட்டை வீட்டிலேயே போட்டுக்கொண்டு கிளம்புவாள். நான்கு பேர் பார்க்கட்டுமே.

வினை எங்கே வந்தது என்றால், ஆளில்லாமல் ஓடும் மெட்ரோ ரயில் திறந்த கையோடு நாற்பத்தொன்றாம் நம்பர் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். டிரைவர் தன் காலமெல்லாம் ஓட்டியது அதே நாற்பத்தொன்றுதான். அவள் தினமும் வேலைக்குப் போனதும் அதில்தான், அவர் முதுகுக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்து. இப்போது வேறு பஸ் மாறி மாறிப் போனால் முதல் ஆபரேஷன் தொடங்கிய பிறகுதான் போய்ச் சேர முடியும். சலவைக்கூடத்து மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: "வர முடியலன்னா சொல்லுங்கம்மா, வேற ஆளைப் போட்டுக்கறோம்."

டிரைவர் சொன்ன காரணம் பாதுகாப்பு. வண்டிக்கு ஒரு கண்ணும் ஒரு காலும் வேண்டாமா என்றார். உள்ளுக்குள் எரிந்தது வேறு என்று அவளுக்குத் தெரியாதா? அவர் பஸ்ஸைத் தூக்கிவிட்டார்கள். அந்த இடத்தில் இன்னொரு மனுஷனை உட்கார வைத்திருந்தால்கூடப் பொறுத்திருப்பார். வெறும் கண்ணாடியை வைத்தார்கள். அதுதான் தாங்கவில்லை. அவளுக்கோ வேலையும் வேண்டும், இந்த மனுஷன் வாயைத் திறக்கவும் வேண்டும்.

முதல் நாள் ஏறினாள். முன்னாடியே போய் உட்கார்ந்தாள். மோதுவதாக இருந்தால் நமக்கு முதலில் தெரியட்டும் என்ற எண்ணம். பெரிய கண்ணாடி. அதற்கு முன்னால் ஆளும் இல்லை, சக்கரமும் இல்லை. தண்டவாளம் நேராக அவள் வாய்க்குள் ஓடி வருவது போல இருந்தது. ஸ்டேஷன் நெருங்கியதும் அவள் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. டிரைவர் பின்னால் உட்கார்ந்து வந்த பழக்கம். அவர் பிரேக் போடுமுன் இவள் போட்டுவிடுவாள். வண்டி நின்றது. அவளுக்குத் தன் கால்தான் நிறுத்தியது போல ஒரு திருப்தி. அதிலிருந்து அந்த சீட்டு அவளுடையது. யாராவது முந்தி உட்கார்ந்துவிட்டால் பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமுவாள். எழுந்துவிடுவார்கள்.

ஒரு வாரம் போயிருக்கும். தினமும் அதே பெட்டியில் வரும் பேங்க்காரர் ஒருவர், கண்ணாடி போட்டவர், தயங்கித் தயங்கி அவள் பக்கம் குனிந்தார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. மார்க்கெட் ஸ்டேஷன்ல மட்டும் கொஞ்சம் மெதுவா நிறுத்தினா நல்லாருக்கும். தினம் தூக்கிப் போடுது."

அவளுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு தன் நீலக் கோட்டைப் பார்த்தாள், பட்டையைப் பார்த்தாள், தரையில் ஊன்றியிருந்த காலைப் பார்த்தாள். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"நாளையிலருந்து பாத்துக்கறேன்," என்றாள்.

மறுநாள் மார்க்கெட்டில் காலை மெல்ல அழுத்தினாள். இறங்கும்போது பேங்க்காரர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். விஷயம் பெட்டி முழுக்கப் பரவியது. விற்கப் பூக்கூடை எடுத்துப் போகிற ஒரு அம்மா, "டிரைவரம்மா, ஒரு நிமிஷம், என் தங்கச்சி ஓடி வர்றா," என்று கேட்டாள். கதவு அதற்குள் மூடிக்கொண்டது. "கம்பெனி ரூல்மா," என்றாள் மடிப்பக்கா, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு. சும்மா சொல்லக் கூடாது, ரசித்துத்தான் செய்தாள். வீட்டில் ஒருத்தர் வாய்க்குப் பூட்டுப் போட்டிருந்தார். வெளியிலாவது நான்கு பேர் தன்னோடு பேசட்டுமே.

அந்தப் பொய்க்கு ஒரு மழை நாளில் கணக்குத் தீர்ந்தது. ஆற்றுப் பாலத்தின் நடுவில் வண்டி நின்றது. நின்றது என்றால் ஒரேயடியாக. விளக்கு பாதி அணைந்தது. கீழே தண்ணீர் கலங்கலாகச் சுழித்துக்கொண்டு ஓடியது. பிறகு எல்லாத் தலையும் முன் சீட்டின் பக்கம் திரும்பியது.

"என்ன மேடம் ஆச்சு?" என்றார் பேங்க்காரர். குரல் கீச்சிட்டது.

"ஏதாவது பண்ணுங்க டிரைவரம்மா," என்றாள் பூக்காரம்மா.

மடிப்பக்கா காலால் தரையை அழுத்திப் பார்த்தாள், எடுத்துப் பார்த்தாள். வண்டி அசையவில்லை. அப்போதுதான் புருஷன் ஞாபகம் வந்தது. பஸ் நடுவழியில் நின்றுபோனால் அவர் உடனே என்ஜினைப் பார்க்கப் போக மாட்டார். முதலில் எழுந்து, திரும்பி, ஜனங்களுக்கு முகத்தைக் காட்டி நிற்பார். டிரைவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தால் பயம் ஏறும். முகத்தைப் பார்த்தால் இறங்கும் என்பார்.

எழுந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றாள்.

"பதறாதீங்க. கேட்டுச் சொல்றேன்," என்று கதவோரமிருந்த அவசரப் பொத்தானை அமுக்கினாள். சுவரிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. முன்னால் போன வண்டியின் கதவில் யாரோ ஒருவரின் குடை மாட்டிக்கொண்டதாம். எடுத்ததும் கிளம்பிவிடுமாம்.

"கேட்டீங்கல்ல, குடைதான். இன்னொண்ணும் சொல்லிடறேன். நான் டிரைவர் இல்ல. ஆஸ்பத்திரியில துணி மடிக்கிறவ."

பேங்க்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப டிரைவர் யாரு?"

"யாரும் இல்ல. தானாத்தான் ஓடுது."

"தெரிஞ்சிருந்தா நான் ஏறியிருக்கவே மாட்டேனே."

"இத்தன நாளா தெரியாமதான வந்தீங்க? ஒரு கை கால் குறைஞ்சுதா?"

பூக்காரம்மா முதலில் சிரித்தாள். அவளைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். பேங்க்காரர் மட்டும், "அப்ப மார்க்கெட்ல மெதுவா நின்னுச்சே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வண்டி கிளம்பிய பிறகும் மடிப்பக்கா உட்காரவில்லை. அடுத்த ஸ்டேஷன் வரும்வரை முகத்தைக் காட்டிக்கொண்டே நின்றாள். நடுக்கம் இல்லாமல் இல்லை. நடுக்கத்தோடுதான் நின்றாள். அதற்குத்தான் ஒரு நெஞ்சுரம் வேண்டும்.

சலவைக்கூடத்துக்குப் பிந்தித்தான் போனாள். வேலை போயிற்று என்றே நினைத்தாள். மேலாளர் அவளுக்கும் பிறகு நனைந்துகொண்டு ஓடி வந்தார். அவரும் அதே வண்டியில் கடைசிப் பெட்டியில் இருந்திருக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு அவரவர் இடத்துக்குப் போனார்கள்.

சாயங்காலம் வீட்டில் டிரைவர் ரேடியோவைப் போட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தார். அவள் அடுப்பைப் பார்த்துக் கதை சொல்லத் தொடங்கினாள். கால் அழுத்தியது, மார்க்கெட் ஸ்டேஷன், பாலம், எல்லாவற்றையும். "எந்திரிச்சுத் திரும்பி நின்னேன்," என்றபோது ரேடியோச் சத்தம் குறைந்தது.

"கையை எங்க வெச்சிருந்த?"

எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த முதல் பேச்சு. அவள் திரும்பவில்லை. திரும்பினால் நின்றுவிடுமோ என்ற பயம்.

"கம்பியில."

"தப்பு. கை சும்மா தொங்கணும். கம்பியப் புடிச்சா நமக்கே பயம்னு ஜனத்துக்குத் தெரிஞ்சுடும்."

"எனக்குப் பயமாத்தாங்க இருந்துச்சு."

"எனக்கும்தான் இருக்கும்," என்றார் அவர். "எவ்வளவு நேரம் நின்ன?"

"கிளம்புற வரைக்கும். கிளம்புன பிறகும்."

"ம். அது சரி."

காலையில் அவள் கோட்டை மாட்டும்போது அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். "அந்த மார்க்கெட் ஸ்டேஷன்ல எப்படித்தான் நிறுத்துதுன்னு பாக்கணும்," என்றார் யாரிடமோ சொல்வது போல.

ஸ்டேஷன் வாசலில் தன் பழைய பஸ் பாஸை எடுத்து மெஷினில் காட்டினார். மெஷின் வாயைத் திறக்கவில்லை. திருப்பிக் காட்டினார். பின்னால் வரிசை சேர்ந்தது. "என் கார்டு இருக்குங்க," என்றாள் அவள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுக் கவுண்டருக்குப் போய் வரிசையில் நின்றார்.

முன் சீட்டில் இருவரும் உட்கார்ந்தார்கள். பேங்க்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இவராவது டிரைவரா மேடம்?" என்று கேட்டார். "இவர் நெஜ டிரைவர்," என்றாள் அவள். மார்க்கெட் நெருங்கியது. அவள் வலது காலும் அவர் வலது காலும் ஒன்றாகத் தரையை அழுத்தின. வண்டி வழக்கம் போலத் தூக்கிப் போட்டது.

"பிரேக் லேட்டு," என்றார் டிரைவர், பரம சந்தோஷமாக.

டிக்கெட்டைக் கசங்காமல் சட்டைப்பையில் வைத்திருந்தார். பஸ்ஸிலேயே வாழ்ந்த மனுஷன் தன் கைக்காசு போட்டு வாங்கிய முதல் டிக்கெட் அது. விலை இருபத்திரண்டு ரூபாய்.