காஞ்சனாவுக்குத் திக்க

ஆந்திர எல்லைக்குள் இருக்கும் நகரியில் நாங்கள் தமிழ் பேசினாலும் ‘திக்க’ என்ற சொல்லைத் தெலுங்கிலிருந்து வாங்கிக்கொண்டோம். திருப்பித் தருகிற எண்ணமில்லை. பைத்தியத்துக்கும் கோபத்துக்கும் நடுவில் அதற்கு இடம். நேற்று பால் கொடுத்த பசு இன்று உதைத்தால் பசுவுக்குத் திக்க. வெயிலோடு மழை பெய்தால் வானத்துக்குத் திக்க. மனிதர்களில் எங்கள் தெரு இட்லிக்கடைக் காஞ்சனாவுக்குத் திக்க.

ஒருநாள் கேட்காமலே வடை வைப்பாள். மறுநாள் இன்னொரு கரண்டி சட்னி கேட்டால், "துன்ன வந்தியா, குளிக்க வந்தியா?" என்பாள். கூட்டம் நிற்கும்போதே அடுப்பை அணைத்துவிட்டுப் போய்விடுவாள். தெருவில் யாருக்காவது காய்ச்சல் என்றால் கஞ்சியோடு வந்து நிற்பவளும் அவள்தான். எனக்கு அவளைப் பிடிக்கும். அவள் திட்டாத நாளில் இட்லி இறங்காது.

அவள் மகன் கிஷோருக்குத்தான் சிக்கல். எங்கள் பக்கம் பெண் கொடுப்பவர்கள் முதலில் சொல்லாமல் வந்து தெருவில் விசாரிப்பார்கள். அப்படி வந்த இரண்டு வீட்டார், மாமியாருக்குத் திக்க என்று கேட்டதும் பஸ் ஏறிவிட்டார்கள். மூன்றாவது, புத்தூர்ப் பெண். திருப்பதியில் அவனோடு வேலை பார்க்கிறவள். அவளை விட்டுவிட அவனுக்கு மனசில்லை. வீடு வீடாகப் போய்க் கெஞ்சினான்.

"அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதீங்கண்ணா."

பெண்ணின் நைனா வேங்கடாசலம் ஒரு காலையில் வந்தார். தையல்காரரைக் கேட்டார், பூக்காரியைக் கேட்டார், என்னையும் கேட்டார். எல்லோரும் "சாந்தமான அம்மா" என்று ஒப்பித்தோம். கடைசியில் இட்லிக்கடைக்கே போய் உட்கார்ந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "கிஷோர் அம்மா நீங்கதானா? ரொம்ப சாந்தம்னு தெருவே சொல்லுதே."

காஞ்சனாவின் கரண்டி நின்றது. அவர் முதுகுக்குப் பின்னால் நின்ற கிஷோர் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"எவன் சொன்னது? எனக்குத் திக்க. காத்தால சிரிச்சிக்கினு இருப்பேன், மத்தியானம் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு இருப்பேன். உங்க பொண்ணையும் திட்டுவேன். ஆனா துன்னாம படுக்க விடமாட்டேன். இஷ்டம்னா குடுங்க."

கிஷோர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

வேங்கடாசலம் நிதானமாக எழுந்து கை கழுவினார்.

"தெருவே ஒரே பேச்சு பேசவும் பயந்துட்டேம்மா, என்னத்தையோ மறைக்கிறாங்கன்னு. இவ்ளோதானா? வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்க வாங்க."

"வெள்ளிக்கிழமை எனக்கு மனசு எப்படி இருக்குமோ தெரியாதே," என்றாள் காஞ்சனா, நிஜமான கவலையோடு.

"எப்படி இருந்தாலும் வாங்க."

அவள், கை கழுவிவிட்டு வந்தவரின் தட்டில் கேட்காமலே இரண்டு வடை வைத்தாள். அவர் மறுபடி உட்கார்ந்தார்.