கப்பல்காரர் வீட்டுப் பேர்

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுக்குக் கப்பல்காரர் வீடு என்று பெயர். நல்ல மழை பெய்து குளத்தில் தண்ணீர் நின்றாலே குடும்பத்தோடு பார்க்கப் போகிற ஊரில் இப்படி ஒரு வீடு. பள்ளிக்கூடத்தில் "உங்க வீட்டுக் கப்பல் எங்கட்டி நிக்கி?" என்று பிள்ளைகள் கேட்கும். மொட்டை மாடியில் காயப் போட்டிருக்கிறோம் என்பேன். என் வாய்க்கு அப்போதே ஊரில் மரியாதை உண்டு.

கப்பலில் போனது என் அப்பாவின் தாத்தா. குருவிகுளம் பக்கத்துக் கரிசலில் விளைந்த பருத்தியை வண்டியில் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போனவர், பொதியை இறக்கிவிட்டு, கப்பலில் கரி அள்ளிப் போடுகிற வேலைக்குச் சேர்ந்துவிட்டார். சில தடவை வந்து போனார். அப்படி வந்தபோது கொண்டுவந்த பீங்கான் ஜாடியில் இன்றைக்கும் எங்கள் வீட்டு நார்த்தங்காய் ஊறுகிறது. பிறகு வரவில்லை. அவருக்கு இங்கே ஒரே மகன், அதாவது என் தாத்தா, அப்போதுதான் நடை பழகியிருந்த பிள்ளை. கடலில் செத்துப்போனார் என்றது பாதி ஊர். அக்கரையில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறார் என்றது மீதி ஊர். அவர் மனைவி இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளாமல் சாகும்வரை தாலியோடு இருந்தாராம்.

எங்களைப் போன்ற திருநெல்வேலிக் கிறிஸ்தவக் குடும்பங்களில் பேர் வைக்க யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. மூத்த பையனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பேர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தாவின் பேர். மூத்த பெண்ணுக்கு அப்பாவின் அம்மா பேர். அவ்வளவுதான். அந்த முறைப்படி, காணாமல் போனவரின் பேர் அவருடைய பேரனான என் அப்பா தலையில் வந்து விழுந்தது. ஞானஸ்நானத்தின்போது ஐயர், நாங்கள் பாதிரியாரை அப்படித்தான் சொல்வோம், ஒரு தடவை சொன்னதோடு சரி. புருசன் பேரை வாயால் சொல்லக் கூடாது என்று, பேரனை அந்த அம்மாள் "ராசா" என்றே கூப்பிட்டிருக்கிறார். வீடும் தெருவும் கோயிலும் அப்படியே பிடித்துக்கொண்டன.

அப்பாவும் தன் பேரைச் சொல்ல மாட்டார். பஜாரில் இரும்புக்கடை வைத்து ஆணியும் கிணற்றுக் கயிறும் விற்றவர், பேங்கில் பேர் கேட்டால் பாஸ்புக்கை நீட்டுவார், ஆஸ்பத்திரியில் ஆதார் அட்டையை நீட்டுவார். சிறுவனாக இருந்தபோது ஒரு கல்யாண வீட்டில் யாரோ, "ஓடிப்போனவன் பேரச் சுமந்துக்கிட்டு நிக்கான் பாரு" என்றிருக்கிறார்கள். அது அவருக்குள் தைத்துவிட்டது. என் இளைய மகனுக்கு முறைப்படி அப்பாவின் பேர்தான் வந்திருக்க வேண்டும். "வேண்டாம்ட்டி. அது என்னோட போட்டும்" என்றார். பிள்ளை பெற்ற உடம்போடு அழுது பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன். மனிதர் அசையவில்லை. என் பையனுக்கு ஏதோ நவீனமான பேர் வைத்தோம். இன்றுவரை எனக்கு அது ஒட்டவே இல்லை.

நான் டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று அப்பாவோடு வந்து தங்கிய பிறகு, அவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஆள் மாறிவிட்டார். ஒரு நாள் காப்பி கொடுக்கப் போனபோது சொன்னார்: "நீ கம்ப்யூட்டர்ல என்னவெல்லாமோ பாக்குத. அவரு செத்தாரா, ஓடிப்போனாரா, அத மட்டும் பாத்துச் சொல்லு மக்கா. தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்."

அப்பா என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அதனால் உட்கார்ந்தேன்.

வம்சாவளி தேடுகிறவர்களுக்கென்றே இணையத்தில் ஒரு பெரிய உலகம் இருக்கிறது. கொழும்பு, ரங்கூன், பினாங்கு என்று பழைய கோயில் ஞானஸ்நான ரிஜிஸ்டர்களைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அவரவர் குடும்ப மரத்தையும் வரைந்து வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆளின் பேரோ, திருநெல்வேலியில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை எறிந்தால் அந்தப் பேர்க்காரர் ஒருத்தர் மேல் விழும். பினாங்கில் ஒரு குடும்ப மரம் கிடைத்தது. கப்பல் வேலைக்காரர், சொந்த ஊர் திருநெல்வேலி ஜில்லா, அவருடைய தகப்பன் பேர்கூடச் சரியாக இருந்தது. ஆனால் அங்கே அவருடைய மூத்த மகனுக்கு அந்தத் தகப்பன் பேர் இல்லை, வேறு என்னவோ பேர். உடனே மூடிவிட்டேன். எங்கள் ஆள் மூத்த பையனுக்குத் தன் அப்பா பேரை வைக்காமல் இருப்பாரா? முறை தெரியாத யாரோ ஒருத்தர் என்று முடிவு கட்டினேன். கணினியில் எத்தனை படித்தாலும் இந்த விஷயம் எனக்குத் தெரிந்த மாதிரி யாருக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு. அப்புறம் ரங்கூன் ரிஜிஸ்டர்களில் மாதக்கணக்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டேன். அப்பா தினமும் என் முகத்தைப் பார்ப்பார், கேட்க மாட்டார்.

இந்த வருடம் கரிவலம்வந்தநல்லூரில் ஒரு ஞானஸ்நானத்துக்குப் போனேன். சித்தப்பா மகன் வீடு. அவனுக்கு மூத்த சம்சாரம் தவறிப்போய், இரண்டாவதாகக் கட்டியவளுக்குப் பிறந்த முதல் பையன். ஐயர் வாசித்த பேர் எங்கள் சித்தப்பா பேர் இல்லை, பெண் வீட்டுத் தாத்தா பேர். எனக்குப் பொறுக்கவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் சாம்பார் வாளியோடு வந்தவனைப் பிடித்து, "ஏலே, நம்ம சித்தப்பா பேரு உனக்குக் கசந்துட்டோ?" என்றேன்.

"அது மூத்தவகிட்டப் பெறந்த பையன்கிட்டல்லா இருக்குக்கா. ரெண்டு மகனுக்கு ஒரே பேர எப்படி வைக்க?" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டான்.

எனக்குப் பினாங்கு மரத்து மூத்த மகன் ஞாபகத்துக்கு வந்தான். பாயசத்துக்குக்கூடக் காத்திருக்காமல் பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்ததும் பினாங்குக் குடும்பத்தைத் திறந்தேன். மூத்த மகனைப் பார்த்ததும் மூடிய பக்கத்தை இப்போது கீழேவரை படித்தேன். அவனுக்கு அடுத்தது ஒரு பெண். அவளுக்கு அவருடைய அம்மாவின் பேர். அந்தப் பேர் இங்கே யாருக்கும் வைக்கப்படவில்லை, இங்கே அவருக்குப் பெண்பிள்ளையே பிறக்கவில்லை. சங்கரன்கோவிலில் இருந்த மகனுக்கு வைத்த தன் தகப்பன் பேரை மட்டும் அவர் அங்கே யாருக்கும் வைக்கவில்லை. எங்கள் ஆளேதான்.

சந்தோஷமா என்றால் இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. பேரை மிச்சம் வைத்தாராம் பெரிய மனிதர். அந்தப் பேர் இங்கே விட்டுப்போன பெண்டாட்டிக்கும் மகனுக்கும் சோறு போட்டதா? ஒரு வரி எழுதிப் போட முடியவில்லையா? கோபம் ஆறியபின் அப்பாவிடம் போனேன்.

"பினாங்குல இருந்திருக்காருப்பா."

"கலியாணம் முடிச்சாரா?"

"ஆமா."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "அப்போ ஓடிப்போனவருதான்" என்றார். நான் கட்டிலில் உட்கார்ந்து, அங்கே பிறந்த பிள்ளைகளின் பேர்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். மூத்த மகன் பேரைச் சொன்னதும் அப்பா மெல்லத் திரும்பினார். கரிவலத்துப் பந்தியில் எனக்குப் பிடிபட்டதை அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. கடைசிப் பேர்வரை கேட்டார். திரும்பச் சொல்லச் சொன்னார், சொன்னேன்.

"எங்க அப்பா பேரு அங்கன ஒருத்தனுக்கும் இல்லையா?"

"இல்லப்பா."

"மூத்த மகன் இங்கன இருக்கான்னு மனசுல வச்சிருக்காரு" என்றார். எழுந்து உட்கார்ந்து, "எங்க அப்பாவுக்கு இது தெரியாமலே போயிட்டே" என்றார். என் அப்பா அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். அவருடைய அப்பா, தகப்பன் மறந்துவிட்ட பிள்ளையாகவே வாழ்ந்து செத்தவர். அவருக்காக நானும் அழுதேன்.

அந்த மரத்தை வரைந்து வைத்திருந்தவருக்குச் செய்தி அனுப்பினேன். அங்கே பிறந்த மூத்த மகனின் மகள், எழுபது வயதைத் தாண்டியவர். என் அப்பாவுக்குத் தங்கச்சி முறை. இங்கே ஒரு குடும்பம் இருந்தது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. கொஞ்ச நாள் பதில் இல்லை. பிறகு வீடியோவில் பேசலாமா என்று கேட்டார். அப்பா வெள்ளைச் சட்டை கேட்டார், சவரம் செய்துவிடச் சொன்னார்.

திரையில் வந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவின் அதே மூக்கு. அந்த அம்மாளுக்கு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை போல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அண்ணே, உங்க பேரு என்னாங்க?" என்றார்.

அப்பாவின் கை சட்டைப்பைக்குப் போனது. ஆதார் அட்டை அதில்தான் இருக்கும். நான் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பேசாமல் இரு என்று கையைக் காட்டினார். நிமிர்ந்து உட்கார்ந்து, தன் பேரை முழுசாகச் சொன்னார்.

அதைக் கேட்டு முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்த அந்த அம்மாள், "அது எங்க தாத்தா பேருங்க" என்றார்.

"எங்க தாத்தா பேரும் அதான் தாயி" என்றார் அப்பா.

அதற்குமுன் அவர் வாயால் அந்தப் பேரை நான் கேட்டதே இல்லை.